உப்பு, களிமண், ஆணி: பதார்த்தங்களின் இயல்புகளை வீட்டிலேயே சோதிக்க ஒரு முழு வழிகாட்டி

வன்னியில் விஞ்ஞானம் படிப்பிக்கும் எனக்கு வருடாவருடம் ஒரே விடை வந்து சேரும். "உப்பு நீரில் கரைவது என்ன மாற்றம்?" என்று கேட்டால், வகுப்பில் பாதிப்பேர் "இரசாயன மாற்றம், ஏனென்றால் உப்பு காணாமற் போய்விட்டது" என்று எழுதுவார்கள். ஆனையிறவு உப்பளத்தைப் பஸ்ஸில் கடந்து வரும் பிள்ளைகளும் அதையேதான் எழுதுவார்கள். காணாமற்போன உப்பை வெயில் திருப்பிக் கொடுப்பதை அவர்கள் கண்ணாலே பார்க்கிறார்கள். ஆனாலும் கொப்பியில் இருக்கும் பட்டியல் கண்ணை மறைத்துவிடுகிறது.

அதனால் பட்டியலைக் கொஞ்சநாள் மூடி வையுங்கள். ஒரு பதார்த்தத்தின் இயல்பு பௌதிக இயல்பா, இரசாயன இயல்பா என்று தீர்மானிக்க ஒரு கேள்வி போதும்: அந்த இயல்பை அறிவதற்காக அந்தப் பொருளையே இழக்க வேண்டியிருந்ததா? இரும்பாணியின் நிறம், நிறை, காந்தத்துக்கு ஒட்டும் குணம் எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகும் கையில் இருப்பது இரும்பாணிதான். அவை பௌதிக இயல்புகள். ஆனால் அது துருப்பிடிக்குமா என்று அறிய வேண்டுமானால் கொஞ்சம் இரும்பு துருவாகியே தீரவேண்டும். அது இரசாயன இயல்பு. தமிழ்நாட்டுப் புத்தகங்களில் இதையே இயற்பண்பு, வேதிப்பண்பு என்று எழுதுவார்கள். பெயர் வேறு, விசயம் ஒன்று.

கீழே சொல்வதையெல்லாம் 8 நாட்களில் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். க.பொ.த. சாதாரண தரப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். 6ஆம், 7ஆம் ஆண்டுப் பிள்ளைகள் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கச் செய்யலாம்.

தொடங்க முன்

நான் எப்போதும் முதலில் சொல்வது இதுதான். சோதனைக்கு இரும்பு வேண்டும், செம்பு வேண்டும் என்று காணிக்குள்ளும் பற்றைக்குள்ளும் தேடிப்போகாதீர்கள். நம்முடைய மண்ணில் வெடிக்காத பொருட்கள் இன்னும் கிடக்கின்றன. துருப்பிடித்த குழாய்போலவோ பேணிபோலவோ தெரியும் எதையும் தொடாமல், தட்டாமல், சூடாக்காமல் விலகி வந்து பெரியவர்களிடம் சொல்லுங்கள். வேண்டிய ஆணியைக் கடையில் வாங்குங்கள், நூறு கிராம் போதும்.

மற்றவை எல்லாம் வீட்டில் இருப்பவைதான்: மூடியுள்ள நான்கு கண்ணாடிப் போத்தல்கள், ஊசி இல்லாத 10 மில்லிலீற்றர் சிரிஞ்சு ஒன்று, உப்பு, வெற்றிலைச் சுண்ணாம்பு, மஞ்சள், தேசிக்காய், வினாகிரி, அப்பச்சோடா, தேங்காயெண்ணெய், ஒரு காந்தம். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் நல்ல வலுவாக இருக்கும். நிறை பார்க்கக் கடைக்காரரின் தராசு உதவும்.

முதலாம் நாள்: ஆணிகளை ஊற வையுங்கள்

இந்தச் சோதனைக்கு ஒரு வாரம் வேண்டும், அதனால்தான் இதை முதலில் செய்கிறோம். வெள்ளையாக மினுங்கும் நாகம் (துத்தநாகம்) பூசிய ஆணிகள் சரிவராது. நாகம் இரும்பைக் காத்துவிடும். சாதாரணக் கம்பியாணிகளை எடுத்துச் சான்ட்பேப்பரால் தேய்த்து எண்ணெய்ப் பசையைப் போக்குங்கள்.

முதற் போத்தலைத் துடைத்து நன்றாகக் காயவிட்டு, ஆணியையும் புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சிலிக்கா ஜெல் பொதியையும் போட்டு இறுக மூடுங்கள். இதற்குள் காற்று உண்டு, ஈரம் இல்லை. இரண்டாவதற்குப் பத்து நிமிடம் கொதிக்கவைத்த தண்ணீர் வேண்டும். கொதிக்கும்போது நீரில் கரைந்திருந்த ஒட்சிசன் வெளியேறிவிடும். ஆறியதும் சலசலக்காமல் மெதுவாக ஊற்றி, ஆணியைப் போட்டு, மேலே ஒரு விரற்கடை உயரத்துக்குத் தேங்காயெண்ணெய் விட்டு மூடுங்கள். இதற்குள் ஈரம் உண்டு, காற்று இல்லை என்றே சொல்லலாம். மூன்றாவதில் கிணற்றுத் தண்ணீரில் ஆணி பாதி மூழ்கியிருக்கட்டும். நான்காவதிலும் அப்படியே, ஆனால் தண்ணீரில் இரண்டு கரண்டி உப்பைக் கரைத்துவிடுங்கள். இந்த இரண்டையும் மூட வேண்டாம்.

எண் எழுதி ஒட்டி, கோழியும் சின்னப் பிள்ளைகளும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

இரண்டாம் நாள்: அடர்த்தி

பௌதிக இயல்புகளுக்குள் எனக்கு மிகப் பிடித்தது அடர்த்தி. ஒரு ஆணியை எடுத்தாலும் ஒரு மூட்டை ஆணியை எடுத்தாலும் அது மாறாது. நிறையும் கனவளவும் பொருளின் அளவோடு கூடிக் குறையும், அடர்த்தி அந்தப் பதார்த்தத்துக்கே உரியது. அதனால்தான் பொருளை அடையாளம் காண அது உதவுகிறது.

ஒரு போத்தலில் பாதிக்குத் தண்ணீர் எடுத்து, நீர்மட்டத்தில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். நிறை பார்த்த ஆணிகளை உள்ளே போடுங்கள். மட்டம் உயரும். இப்போது சிரிஞ்சால் தண்ணீரை உறிஞ்சி எடுத்துக்கொண்டே வந்து, மட்டம் பழைய கோட்டுக்கு இறங்கியதும் நிறுத்துங்கள். எடுத்த தண்ணீரின் அளவுதான் ஆணிகளின் கனவளவு. 100 கிராம் ஆணிக்கு ஏறத்தாழ 12.7 மில்லிலீற்றர் வரும். 100ஐ 12.7ஆல் வகுத்தால் 7.9. இரும்பின் அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு 7.9 கிராம் அளவுதான். குமிழிகள் ஆணிகளுக்கிடையில் ஒட்டிக்கொண்டிருந்தால் விடை குறைந்துவிடும், போத்தலைத் தட்டி அவற்றை வெளியேற்றுங்கள்.

முல்லைத்தீவுப் பக்கத்துப் பிள்ளைகள் வீச்சுவலையின் ஈயக்குண்டுகளையும் இப்படிப் பார்க்கலாம். ஈயத்துக்கு 11.3 வரும். ஈயம் நஞ்சு என்பதால் பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். அலுமினியத்துக்கு 2.7 மட்டுமே. தேங்காயெண்ணெய்க்கு 0.92, அதனால்தான் நேற்று அது தண்ணீருக்குமேல் மிதந்தது. மரம் என்றால் மிதக்கும் என்று நினைக்கிறோம், ஆனால் கருங்காலி வைரத்தில் ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டால் தாழும்.

அடர்த்தியை நம்முடைய கமக்காரர்கள் பெயர் சொல்லாமலே பயன்படுத்துகிறார்கள். காலபோகத்துக்கு விதைநெல் தெரிவுசெய்யும்போது வாளித் தண்ணீரில் ஒரு புதுக் கோழிமுட்டையைப் போடுவார்கள், அது தாழும். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கக் கரைக்க முட்டை எழும்பி வந்து, ஒரு காசளவு ஓடு வெளியே தெரிய மிதக்கும். அந்தப் பதத்தில் முட்டையை எடுத்துவிட்டு நெல்லைக் கொட்டினால் பதரும் அரைநெல்லும் மேலே வரும், திரண்ட நெல் அடியில் கிடக்கும். அடியில் கிடப்பதை உடனே இரண்டு மூன்று தரம் நல்ல தண்ணீரில் அலசவேண்டும், இல்லாவிட்டால் உப்பு முளையைக் கெடுக்கும். இங்கே நெல்லும் மாறவில்லை, உப்பும் மாறவில்லை. ஒரு பௌதிக இயல்பு நல்லதையும் பதரையும் பிரித்துக் கொடுத்துவிட்டது.

கொக்கிளாயிலிருந்து புல்மோட்டை வரையுள்ள கரையில் கடலும் இதே வேலையைச் செய்கிறது. அலை இலேசான வெண்மணலை இழுத்துப்போக, பாரமான கறுப்பு மணல் வரிவரியாகத் தங்கும். அதில் நிறைய இருப்பது இல்மனைட்டு, இரும்பும் தைற்றேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனியம். சாதாரண மணலின் படிகத்துக்கு அடர்த்தி 2.65, இல்மனைட்டுக்கு ஏறத்தாழ 4.7. ஒரு பிடி மணல் கிடைத்தால் காயவைத்து, கடதாசியில் பரப்பி, வலுவான காந்தத்தை அடியில் பிடித்து நகர்த்துங்கள். கறுப்பு மணிகள் பின்னால் ஊர்ந்து வரும், வெண்மணிகள் அசையாது. கலவையிலிருந்து பதார்த்தங்களைப் பிரிக்கும் வேலையில் பெரும்பகுதி பௌதிக இயல்புகளை வைத்தே நடக்கிறது.

மூன்றாம் நாள்: கரைத்து மீட்பது

100 கிராம் தண்ணீர் சாதாரண வெப்பநிலையில் ஏறத்தாழ 36 கிராம் உப்பைக் கரைக்கும். அதற்குமேல் போட்டால் அடியில் கிடக்கும். இது உப்பின் கரைதிறன். செய்து பார்த்துவிட்டு, அந்தக் கரைசலில் கொஞ்சத்தை வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள். மாலையில் சின்னச் சின்னச் சதுரப் படிகங்கள் தெரியும். போட்ட அதே உப்பு. வகுப்பில் வந்த கேள்விக்கு விடை அந்தத் தட்டில் இருக்கிறது.

ஆனையிறவில் நடப்பது இதைவிடக் கொஞ்சம் நுட்பமானது. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் இருக்கின்றன, ஆனால் எல்லாம் சோறுக்குப் போடும் உப்பல்ல. நீர் வற்ற வற்ற, கரைதிறன் குறைந்தது முதலில் படியும். முதலில் கல்சியம் காபனேற்று, பிறகு ஜிப்சம். அதற்குப் பிறகுதான் சோடியம் குளோரைட்டு. மகனீசியம் உப்புகள் கடைசிவரை நீரிலேயே நிற்கும். அந்த மிச்சநீர் கசக்கும். அதனால்தான் பாத்தி பாத்தியாக நீரை மாற்றி, சரியான பாத்தியில் உப்பை வாருகிறார்கள், கசப்பு நீரை வெளியேற்றுகிறார்கள். அதையும் சேர்த்து வற்றவிட்டால் உப்பு கசக்கும், மாரியில் தண்ணியாகக் கசியும். மகனீசியம் குளோரைட்டுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு.

நான்காம் நாள்: சூடாக்குவது

மார்கழி, தை விடியற்காலையில் தேங்காயெண்ணெய்ப் போத்தலைப் பார்த்தால் வெள்ளையாக உறைந்திருக்கும். வெயில் ஏறியதும் இளகிவிடும். தேங்காயெண்ணெயின் உருகுநிலை ஏறத்தாழ 24 பாகை செல்சியஸ் என்பதால் நம்முடைய காலநிலையிலேயே அது இரண்டு பக்கமும் போய்வருகிறது. எத்தனை தரம் உறைந்தாலும் இளகினாலும் அதே எண்ணெய். ஆனால் அதே எண்ணெயை விளக்கில் எரித்தால் திரும்பி வராது, காபனீரொட்சைட்டாகவும் நீராவியாகவும் போய்விடும். எரியும் தன்மை இரசாயன இயல்பு.

களிமண்ணுக்கு வருவோம், இதை ஆறுதலாகச் செய்யுங்கள். குளத்தங்கரைக் களியைப் பிசைந்து பாக்களவில் நான்கு உருண்டைகள் பிடியுங்கள். இவற்றை முதலாம் நாளே பிடித்து நிழலில் காயவைத்திருந்தால் நல்லது. ஈரத்தோடு நெருப்பில் போட்டால் உள்ளே நீராவி அடைபட்டு உருண்டை வெடித்துத் தெறிக்கும். காய்ந்தவற்றில் இரண்டை விறகடுப்பின் தணலுக்குள் புதைத்து, இரண்டு மூன்று மணித்தியாலம் தணல் அணையாமல் பாருங்கள். பிறகு அடுப்போடே ஆறவிடுங்கள்.

இப்போது வெயிலில் மட்டும் காய்ந்த ஒன்றையும் சுட்ட ஒன்றையும் இரண்டு கிண்ணத் தண்ணீரில் போடுங்கள். காய்ந்த உருண்டையிலிருந்து முதலில் சின்னக் குமிழிகள் வரும், பிறகு ஓரம் இளகும், சில நிமிடங்களில் சேறாகச் சரிந்துவிடும். சுட்டது அப்படியே நிற்கும். நாளைக்குப் பார்த்தாலும் நிற்கும். வெயில் களிமண்ணின் இடுக்குகளில் இருந்த தண்ணீரை மட்டுமே எடுத்தது, அது பௌதிக மாற்றம், தண்ணீர் ஊற்றினால் பழையபடி களி. ஆனால் 500 பாகைக்குமேல் சூடேறும்போது களிக்கனியத்தின் அமைப்புக்குள்ளேயே பிணைந்திருந்த நீர் வெளியேறி, அந்தக் கனியமே வேறொன்றாகிவிடுகிறது. இனித் தண்ணீர் ஊற்றி அதைக் களியாக்க முடியாது. ஒட்டுசுட்டான் ஓட்டின்மேல் வருடக்கணக்காக மழை பெய்தும் அது கரையாமலிருப்பது இதனால்தான்.

சுட்ட மற்ற உருண்டையை உடைத்துப் பாருங்கள். வெளியே சிவப்பு, நடுவில் கறுப்பாக இருக்கும். சிவப்பு இரும்பொட்சைட்டின் நிறம். நடுவுக்குக் காற்றுப் போதாததால் களியிலிருந்த வேர், இலை எரிந்து முடியாமல் காபனாக நின்றுவிட்டது. ஒரு பாக்களவு உருண்டைக்குள் இவ்வளவு எழுதியிருக்கிறது.

ஐந்தாம் நாள்: சுண்ணாம்பும் மஞ்சளும்

ஆலாத்தித் தண்ணீர் எப்படிச் சிவக்கிறது என்று வீட்டில் கேளுங்கள். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும். மஞ்சள் தண்ணீரில் கடதாசியைத் தோய்த்துக் காயவைத்து நறுக்கி வைத்துக்கொண்டால், காரத்தைக் காட்டும் தாள் கிடைத்துவிடும். சவர்க்கார நீர் பட்டாலும் சிவக்கும். சிவந்த இடத்தில் தேசிக்காய்ச் சாறு விட்டால் மஞ்சள் திரும்பும். அமிலத்தைத் தனியாகக் காட்ட மஞ்சளால் முடியாது, அதற்குச் செவ்வரத்தம்பூ இதழ்களைச் சுடுநீரில் ஊறவிடுங்கள். அந்த நீரில் தேசிக்காய்ச் சாறு விட்டால் நல்ல சிவப்பு, சுண்ணாம்பு நீர் விட்டால் பச்சை.

சுண்ணாம்பு நீர் செய்வது சுலபம். ஒரு சுண்டைக்காயளவு வெற்றிலைச் சுண்ணாம்பை ஒரு போத்தல் தண்ணீரில் கலக்கி, இரவு முழுதும் அடைய விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் வடித்தெடுங்கள். கண்ணில் படக்கூடாது. அதில் கொஞ்சத்துக்குள் ஸ்ட்ரோ வைத்து மெதுவாக ஊதுங்கள், தவறியும் உறிஞ்சக்கூடாது. பால்போலக் கலங்கும். உங்கள் மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டு கரைந்திருந்த சுண்ணாம்போடு சேர்ந்து, கரையாத கல்சியம் காபனேற்றாகிவிட்டது.

இங்கே பலர் நிறுத்திவிடுவார்கள். நீங்கள் நிறுத்தாமல், பொறுமையாக ஊதிக்கொண்டே இருங்கள். கலங்கியது மெல்ல மெல்லத் தெளியும். கூடுதலான காபனீரொட்சைட்டு அதைக் கரையக்கூடிய கல்சியம் இருகாபனேற்றாக்கிவிடும். நம்முடைய பல கிணறுகளின் கடினநீரில் இருப்பதும் இதே கல்சியம் இருகாபனேற்றுத்தான். தெளிந்ததைக் கொதிக்கவையுங்கள், திரும்பவும் கலங்கும். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். அதன்மேல் வினாகிரி விட்டால் நுரைத்துக் கழன்று வரும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், இந்தக் கடினத்தன்மையும் குறையும். ஆனால் நீரிலுள்ள புளோரைட்டு போகாது. தண்ணீர் வற்றுவதால் அதன் செறிவு கொஞ்சம் கூடவே செய்யும். வவுனியா போன்ற உலர்வலயப் பிரதேசங்களில் இருப்பவர்கள் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆறாம் நாள்: ஏமாற்றும் அறிகுறிகள்

"குமிழி வந்தால் இரசாயன மாற்றம், நிறம் மாறினால் இரசாயன மாற்றம்" என்று எழுதிவைத்திருப்பீர்கள். மூன்று குமிழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். கொதிக்கும் நீரில் வருவது நீராவி, அது நீரேதான். சோடாப் போத்தலைத் திறந்ததும் வருவது அழுத்தத்தில் கரைந்திருந்த காபனீரொட்சைட்டு, இரண்டும் பௌதிகம். அப்பச்சோடாவில் தேசிக்காய்ச் சாறு விட்டால் வருவது அந்த நேரத்தில் புதிதாக உண்டான காபனீரொட்சைட்டு. மூன்றாவது மட்டுமே இரசாயன மாற்றம். அறிகுறி சாட்சிதான், தீர்ப்பு அல்ல. புதுப் பதார்த்தம் உண்டானதா என்று கேட்டுத்தான் தீர்க்கவேண்டும்.

கொல்லன் பட்டறைக்குப் போனால் இன்னும் தெளியும். உலையில் கத்தி சிவந்து ஒளிர்வது நிறமாற்றம், ஆனால் ஆறினால் பழைய நிறம், அது பௌதிகம். அடிக்கும்போது மேலிருந்து உரிந்து விழும் கறுப்புச் செதில் இரும்பொட்சைட்டு, அது இரசாயனம். சிவந்த உருக்கைத் தண்ணீரில் தோய்த்ததும் அது வன்மையாகிறது. அதிலுள்ள மூலகங்கள் மாறவில்லை, உள்ளே அணுக்கள் அடுக்கப்பட்ட விதம்தான் மாறியது. ஒரே காலையில் மூன்றையும் பார்த்துவிடலாம்.

சீமெந்து "காய்ந்து" இறுகுகிறது என்று எல்லோரும் சொல்கிறோம். அது சரியல்ல. சீமெந்து தண்ணீரோடு தாக்கம் புரிந்துதான் இறுகுகிறது, தண்ணீருக்கடியிலும் இறுகும். அதனால்தான் மேசன்மார் புதுச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்கள், காயவிட்டால் தாக்கம் பாதியில் நின்றுவிடும். காங்கேசன்துறைச் சுண்ணாம்புக்கல்லோடு முருங்கன் களிமண்ணைச் சேர்த்து 1,450 பாகை அளவில் சுட்டுத்தான் ஒருகாலத்தில் இங்கே சீமெந்து செய்தார்கள்.

பனையும் ஒரு நல்ல ஆசிரியர். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் கருப்பநீர், இனிப்பு கெடாது, காய்ச்சினால் பனங்கட்டி. தடவாவிட்டால் மதுவம் சர்க்கரையை மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றி, நுரைத்த கள்ளாகிவிடும். இன்னும் நாள் போனால் காற்றோடு சேர்ந்து பக்ரீரியா அதை வினாகிரியாக்கும். நொதிப்பதை அந்தச் சுண்ணாம்புப் பூச்சு தடுத்துவைக்கிறது.

எட்டாம் நாள்: ஆணிகளைத் திறவுங்கள்

ஏழாம் நாள் எழுதுவதற்கு. எதைக் கண்டீர்களோ அதை மட்டும் எழுதுங்கள், புத்தகத்தில் இருப்பதை எழுதவேண்டாம்.

எட்டாம் நாள் நான்கு போத்தல்களையும் வரிசையாக வையுங்கள். முதலாவது ஆணி மினுங்கும். இரண்டாவதும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். கொஞ்சம் துரு தெரிந்தால் ஊற்றும்போது காற்றுக் கலந்துவிட்டது என்று அர்த்தம், அதையும் எழுதுங்கள். மூன்றாவதில் துரு. நான்காவதில் நீர்மட்டத்தை ஒட்டித் தடிப்பான செம்மஞ்சள் துரு, தண்ணீரும் கலங்கியிருக்கும். இரும்பு துருப்பிடிக்க நீரும் ஒட்சிசனும் இரண்டும் வேண்டும், உப்பு அதை வேகப்படுத்தும். கடற்கரையில் கூரைத் தகரமும் சைக்கிளும் சீக்கிரம் உக்குவதற்குக் காரணம் இதுதான்.

கடைசி வேலை. நான்காவது ஆணியை எடுத்துக் காயவைத்து, துருவை வெள்ளைக் கடதாசியில் சுரண்டுங்கள். பக்கத்தில் இன்னொரு ஆணியை அரத்தால் ராவி, இரும்புத்தூள் கொஞ்சம் எடுங்கள். காந்தத்தைக் கடதாசிக்கடியில் பிடியுங்கள். இரும்புத்தூள் மயிர்போல எழுந்து நிற்கும். செம்மஞ்சள் தூள் பெரும்பாலும் கிடந்த இடத்திலேயே கிடக்கும். நிறம் வேறு, விரலில் படும் தன்மை வேறு, காந்தத்துக்கு நடந்துகொள்ளும் விதமும் வேறு. ஆணியோடு ஒட்டிய உட்படையில் கறுப்புத் துகள்கள் கொஞ்சம் இருந்து, அவை மட்டும் காந்தத்தின் பின்னால் ஓடினால் பிழை செய்துவிட்டோமென்று பயப்படவேண்டாம். அது மக்னற்றைட்டு, காற்றுக் குறைந்த இடத்தில் உண்டாகும் இன்னொரு இரும்பொட்சைட்டு. அதற்கும் கொப்பியில் ஒரு வரி ஒதுக்குங்கள்.